அண்ணன் மென்ற சிறுகுறிஞ்சான் இலை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வந்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றிப் பெருமையாக எழுதச் சொன்னார் அண்ணி. எழுத உட்கார்ந்தால் எனக்குப் பயம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அண்ணன். அப்பா போனபின் பதினேழு வயதில் கோவைக்கு வந்து, இரும்பு வார்க்கும் பவுண்டரியில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். யார் எதை நீட்டினாலும் மறுக்கமாட்டார். "கொண்டாந்தவங்க மனசு நொந்துபோயிருமல்லொ, அம்மணி" என்பார்.

நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. பிறகு ஒருநாள் பவுண்டரியில் சூடான இரும்புத் துண்டை மிதித்துவிட்டார். செருப்பு கருகிய வாசம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். கால் அந்த அளவுக்கு மரத்திருந்தது. இதே நோயில் காலை இழந்த சித்தப்பாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான் அழுதேன்.

சேதி பரவியதும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இலையோடு வந்தார்கள். வேப்பங்கொழுந்து, முருங்கை இலைப் பொடி, பெயர் தெரியாத தழை எல்லாம் வந்தன. அத்தனையும் தின்றார். மாத்திரையையும் விடவில்லை. டாக்டரிடம் மட்டும் இலையைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்தவரை ஏன் சொல்ல வேண்டும், சர்க்கரையை இறக்கும் என்று கேள்விப்பட்டு, வேலியெல்லாம் தேடிச் சிறுகுறிஞ்சான் கொடியின் இலையைப் பறித்துக் கொடுத்தவள் நான்.

நானும் அங்கிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரை போட்டுக்கொண்டு, அந்த இலையையும் மென்றார். அந்நேரம் பார்த்து விருந்தாளிகள் வந்தார்கள். அவர்கள் சாப்பிட்டு எழும்வரை தான் சாப்பிடாமல் பரிமாறிக்கொண்டிருந்தார். திடீரென்று கை நடுங்கியது. சட்டை வேர்வையில் நனைந்து, பேச்சும் குழறியது. சர்க்கரை இறங்கினால் இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு கை சர்க்கரையை அள்ளி அவர் வாயில் போட்டேன். துப்பிவிட்டார்.

"எதுக்கு அம்மணி மண்ணை வாயில போடறே?"

அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். டப்பா மாறிவிட்டதோ என்று நானே நக்கிப் பார்த்தேன். சர்க்கரைதான்.

"அந்த எலையைத் தின்னா நாக்குல இனிப்பே தெரியாதுங்க! தண்ணியில கரைச்சுக் குடுங்க!" என்று கத்தினார் அண்ணி.

தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தோம். தண்ணீர் என்றே குடித்தார்.

உடனே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே அண்ணன் தெளிந்து, அண்ணி இலையைப் பற்றிச் சொன்னபின், டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "எலை வேலை செய்யாதுன்னு நான் சொல்லலீங்க. செய்யறதுனாலதான் பயம். மாத்திரையோட சேர்த்துத் தின்னதை எங்கிட்டச் சொல்லாம உட்டுப்போட்டீங்களே?" என்றார்.

அதன்பின் அண்ணன் ஆறு ஆண்டுகள் இருந்தார். சென்ற ஆண்டு மாரடைப்பு கொண்டுபோயிற்று. குளிப்பாட்டும்போது அவர் பாதங்களைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் முழுசாக இருந்தன.

அன்று ஆட்டோவை விரட்டிய டிரைவர் தம்பிக்கும், ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், டாக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இலை கொண்டுவந்த உறவுகளுக்கும் நன்றி. அது அன்பு என்று அறிவேன்.

போன மாதம் எனக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். பயமாக இருக்கிறது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது நம் வழக்கமில்லை. என்னைப் பார்க்க மட்டும் வெறுங்கையோடு வாருங்கள். வந்து, நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்கு எனக்கு அண்ணன் இல்லை.