ஆற்றோரத்துத் தாழியிடம் அந்தோணிமுத்து கேட்டது

எங்கள் தீவில், அபர்டீன் பஜாருக்குப் பின்சரிவில், எங்கள் பக்கத்து வீட்டு அந்தோணிமுத்து, கொத்தனார். நாற்பது வருஷமாகக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவரும் அவரே. எதையும் நம்பமாட்டார். ஒருமுறை ஓடைக்கரையில் முதலை ஒன்று செத்துக் கிடந்தது. ஊரே தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று. இவர் மட்டும் நாற்காலி போட்டு மூன்று நாள் எதிரே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் முதலைக்கே பொறுமை போய் எழுந்து கடலுக்கு நடந்தது. பாதியை நம்பினால் போதும்.

போன வருஷம் ஆகஸ்ட் மழையில் அவர் மனைவி லூசி தவறிப்போனாள். குழியை அவரே வெட்டினார். வாளி வாளியாக இறைத்தும் ஊற்று நிற்கவில்லை. இறக்கிய பெட்டி மிதந்து மேலே வந்தது. கல்லை வைத்து அழுத்தித்தான் மண் தள்ளினார்கள். தண்ணீரில் லூசி கரைந்தே போயிருப்பாளோ என்கிற சந்தேகம் அன்று அவரைப் பிடித்தது. என்னிடம் மட்டும் சொன்னார். அதுவும், வெளியே சொல்லமாட்டாயே என்று நாலு தரம் கேட்டுவிட்டு.

இந்த ஜனவரியில் தூத்துக்குடியில் அவர் தங்கை பேத்தி கல்யாணம். மெயின்லேண்டில் மிச்சம் கிடைப்பது ஒரே ஒரு நாள். மகள் ஜாக்குலின் ஜவுளிக்கடை என்றாள். இவர், அந்தக் காலத்தில் தாழியில் வைத்துப் புதைத்த இடம் எதையாவது பார்க்கவேண்டும் என்றார். மகன் ஜெரால்ட் போனைத் தடவி ஒவ்வொன்றாகப் படித்தான்.

"கொடுமணல்."

"படத்தைக் காட்டு. கல்லால அறை கட்டியிருக்கான். நமக்கு மண்ணுக்குழி வேணும்."

"நமக்கா? சரி, கொந்தகை. மதுரைப் பக்கம்."

"கிட்ட கண்மாய் இருக்கா?"

"எதுக்குப்பா, குளிக்கவா? போய் வரவே பகல் போயிரும். ஆதிச்சநல்லூர் கிட்டக்க. ஆத்தோரம். தாழியைக் குழியிலேயே விட்டு மேல கண்ணாடி போட்டிருக்காம்."

"ஆத்தோரமா?" நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்க மிஞ்சியிருந்தாத்தான் சாட்சி. அதுக்கே போவோம்."

அன்று சாயங்காலமே ஜாக்குலின் என்னிடம் வந்தாள். "அத்தை, இதுல ஏதோ கட்பட், வில்லங்கம் இருக்கு. அப்பா தனக்கு இடம் பார்க்கிறாரோ? பைக்குள்ள அளவு டேப் வச்சிருக்கார்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேனே. "கூடவே போ. கண்ணை எடுக்காதே," என்றேன்.

மீதி ஜாக்குலின் வந்து சொன்னது. அங்கே போனதும் கண்ணாடிமேல் டேப்பை நீட்டியிருக்கிறார். காவல்காரர் ஓடி வந்தார்.

"வே, என்னத்த அளக்கேரு?"

"ஆழம். மழை பெஞ்சா இதுக்குள்ள தண்ணி இறங்குமா?"

"இறங்காம? மண்ணும் சேந்துல்லா இறங்கும். தோண்டையில தாழி கழுத்து வரைக்கும் மண்ணாத்தான் இருந்துச்சு."

"அப்ப எலும்பு?"

"அதுவும் இருந்துச்சு."

"பிறகு எவனாவது கொண்டாந்து வச்சிருப்பான்."

"எலும்பு வைக்கவா எங்களுக்குச் சம்பளம்?"

இவர் முழங்கால் போட்டு, கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜாக்குலின் தோளைத் தொட்டதும் தலையைத் தூக்காமலே பேசினார்.

"உங்கம்மா ஈரத்துலதான் கிடக்கா. பெட்டி மிதந்துச்சே, நீ பார்த்தேல்ல?"

"பார்த்தேன்ப்பா."

"ஈரம்னா கரைஞ்சிரும்னு நினைச்சேன். இவன் ஆத்தோரத்துல கிடந்திருக்கான், உள்ள தண்ணியும் போயிருக்கு. ஆனா இருக்கான்." கண்ணாடியில் படிந்த மூச்சைத் துடைத்துவிட்டு, "அவளும் இருப்பா," என்றாராம்.

எத்தனை வருஷப் பழக்கம், அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. ஜாக்குலினும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காவல்காரர் மட்டும் நகரவில்லை. அப்பன் போதாதென்று மகளும் உட்கார்ந்ததில், இன்னொரு டேப் வெளியே வருமோ என்று இருவர் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.