கணப்பின்மீது ஒரு குற்றச்சாட்டு

மெல்பேணில் ஆடி மாதம் என்பது கடுங்குளிர்க்காலம். அத்தகைய ஆடியின் ஒரு பிற்பகலில், டாண்டினாங்குக்கு அருகிலுள்ள எங்கள் பழைய செங்கல் வீட்டின் சாளரங்கள் யாவும் அகலத் திறந்துகிடந்தன. வாடைக்காற்று திரைச்சீலைகளை வீசியெறிந்துகொண்டிருந்தது. கூடத்தின் நடுவே, மேலங்கியும் கம்பளித் தொப்பியும் அணிந்து, கால்களை இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டு சம்பந்தியம்மா அமர்ந்திருந்தார். என் மகனை மணந்த பெண்ணின் தாயார் அவர். எதிர்ச்சுவரில் பதிந்திருந்த, கூடத்தைச் சூடாக்கும் எரிவாயுக் கணப்பை அவரே அணைத்திருந்தார். நடை முடித்துத் திரும்பிய என்னைக் கண்டதும், "வாங்க சம்பந்தி, இப்பத்தான் தலை தெளிஞ்சுது" என்று முகம் மலர்ந்தார். சற்றுநேரத்தில் வேலையிலிருந்து வந்த என் மகன் வாயிலிலேயே நின்றுவிட்டான். அவன் முகத்தில் நான் கண்டது சினமன்று. நெடுநாள் தள்ளிவைத்த ஒரு முடிவை எடுத்துவிட்டவனின் அமைதி அது. அந்த அமைதிதான் என்னை அச்சுறுத்தியது.

சம்பந்தியம்மா திருச்சிராப்பள்ளியில் வங்கிப்பணி ஆற்றி ஓய்வு பெற்றவர். கணவர் மறைந்தபின் ஒரே மகளோடு வாழ இங்கு வந்தார். நாங்கள் யாழ்ப்பாணத்தார் ஆகையால், 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்னும் எம் பேச்சு அவருக்கு ஓயாத வேடிக்கை. "எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்ங்கறீங்களே, இது வீடா, ஆசிரமமா?" என்பார். "ஆசிரமமெண்டால் இவ்வளவு வெங்காயம் வதக்கேலாது, மாமி" என்று என் மகன் திருப்பிக் கொடுப்பான். வெங்காயம் பற்றிய அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு வருத்தமும் இருந்தது. அலுவலகத்தில் எவரோ ஒருவர் என் மருமகளின் மேலங்கியில் மசாலை மணம் வீசுவதாகச் சொல்லிவிட்டார். மகள் அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள், தாயார் சிரிக்கவில்லை. அன்றுமுதல் தாளிக்கத் தொடங்கு முன்னரே அடுப்பின் மேலிருந்த, புகையை வெளியே தள்ளும் விசிறியை முழு விசையில் ஓடவிடுவார். சமையல் முடிந்தபின்னும் நிறுத்தமாட்டார். அது போதாதென்று, குளிர் தொடங்கியதும், வீட்டைக் கட்டியவர்கள் சுவர்களின் மேற்புறத்தில் விட்டிருந்த காற்றுத்துளைகளைப் பழைய பருத்திப் புடைவைகளைச் சுருட்டி அடைத்தார். "நாம மூட்டுற சூட்டை எதுக்கு ஊருக்கு விடணும்?" என்றார். கூடம் நன்றாகவே வெதுவெதுத்தது. எல்லோரும் அவரைப் பாராட்டினோம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் மாறத் தொடங்கினார். முதலில் தலைவலி, பின்னர் குமட்டல், பின்னர் மறதி. குழம்பில் இருமுறை உப்பிட்டார். வாக்கியத்தின் நடுவில் சொல் நின்றுபோய், உதடுகள் மட்டும் அதைத் தேடும். மனத்தாலேயே வட்டிக் கணக்குப் போட்டவர், திருச்சியில் தாம் வாழ்ந்த தெருவின் பெயரை ஒருநாள் காலை முழுதும் தேடினார். ஞாயிறுகளில் கோயிலுக்கு அழைத்துச் சென்றால் பழையபடி பேசுவார், கிண்டல் செய்வார். நாங்கள் அதனைத் தெய்வ அருள் என்று கொண்டோம். மருத்துவர் சில வினாக்கள் கேட்டு, முதுமை மறதியின் தொடக்கமாக இருக்கலாம் என ஐயுற்று, வல்லுநர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்.

அதன் பின்னரே அவர் கணப்பைக் குற்றம் சொல்லத் தொடங்கினார். "அந்தப் பெட்டிதான் என்னைக் குழப்புது. அது எரியாத நாள்ல நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஆயின் அந்தக் கணப்பில் எவராலும் குறை காண இயலவில்லை. பருவத் தொடக்கத்தில், கணப்பைப் பற்றவைக்க உள்ளே எந்நேரமும் எரியும் அதன் சிறுசுடர் அடிக்கடி அணைந்தபோது, என் மகன் இணையக் காணொளிகளைப் பார்த்து, மூடியைக் கழற்றித் தூசு துடைத்துச் சரிசெய்திருந்தான். அதன்பின் அழகாக எரிந்தது. நினைவு தளர்வோர் பொருள்கள்மீதும் மனிதர்மீதும் ஐயம் கொள்வர் என்று மருமகள் எங்கோ படித்திருந்தாள். ஆகவே அவர் சொன்னது நோயின் மற்றோர் அறிகுறியாக எங்களுக்குத் தோன்றியது. எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாரோ அவ்வளவுக்கு நோய் முற்றியதாக எண்ணினோம். உண்மையைச் சொல்லச் சொல்ல நம்பிக்கையை இழக்கும் நிலை எத்தகையது என்று இப்போது எண்ணிப்பார்க்கிறேன்.

சாளரங்கள் திறந்துகிடந்த அன்று மாலை மகன் என்னிடம் சொன்னான்: "இனி மாமியைத் தனிய விடேலாது, அப்பா. இண்டைக்கு யன்னல். நாளைக்குக் காஸைத் திறந்துவிட்டால்?" முதியோர் இல்லம் ஒன்றில் இடமிருப்பதை அவனும் மருமகளும் முன்னரே விசாரித்து வைத்திருந்தனர். மருமகள் அடுக்களையில் நின்று ஓசையின்றி அழுதாள்.

மறுநாள், முதியோர் இல்லம் பற்றி மகள் சொல்லக் கேட்டபின், சம்பந்தியம்மா என் அறை வாயிலுக்கு வந்தார். என் அறையில் சிறிய மின்கணப்பு ஒன்று உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது என் வழக்கம். அவர் உள்ளே வரவில்லை. "சம்பந்தி, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னே வச்சுக்குங்க. போறதுக்கு முன்னாடி ஒரு ஆளைக் கூப்பிட்டு அதைச் சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஒண்ணுமில்லைன்னா நீங்க சொல்ற இடத்துக்குப் போறேன். வாயே தொறக்க மாட்டேன்." நான் மகனிடம் சொன்னேன். அவன் உடன்பட்டான். கணப்பை ஐயுற்றதனால் அல்ல. மாமியார் மனம் ஒப்பிச் செல்வார் என்ற ஆறுதலுக்காக.

சோதிக்க வந்த கணப்புப் பழுதுபார்ப்பவர் எம்மூர்க்காரர், நடுத்தர வயதினர், அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். கணப்பை மூட்டி, கழிவுப்புகை கசிந்தால் ஒலிக்கும் அளவுகருவியை அதன் முன் நீட்டிக் காத்திருந்தார். கருவி வாய்திறக்கவில்லை. "திறமான ஹீட்டர், ஐயா. பழசெண்டாலும் ஒரு பிழையுமில்லை" என்று கருவியைப் பைக்குள் வைக்கப்போனார். மருமகள் தாயின் தோளில் கைவைத்தாள். அந்தக் கையைச் சம்பந்தியம்மா மெல்ல விலக்கினார்.

"தம்பி, கொஞ்சம் இருங்க. நீங்க வந்த கதவு திறந்தே கிடக்கு. அடுக்களையில விசிறி ஓடல. இந்த வீடு என்னைக்கும் இப்படி இருந்ததில்லை."

"அன்ரி, எனக்கு நேரம் போகுது."

"நான் சமைக்கிற மாதிரி இருந்தாத்தானே தெரியும்?"

கதவைத் தாமே சாத்தினார். அடுக்களைக்குள் சென்று விசிறியை முழு விசையில் திருப்பினார். வாணலியில் எண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது. வந்தவர் மனமின்றி மீண்டும் கருவியை நீட்டினார். சிறிதுநேரம் ஒன்றுமில்லை. பின்னர் அது கீச்சிட்டது, கீச்சிடல் நிற்கவேயில்லை. அவர் பாய்ந்து கணப்பை அணைத்தார். "எல்லாரும் வெளியில போங்கோ, கெதியா!" என்று கத்தினார்.

முற்றத்தில் குளிரில் நின்றபடி அவர் விளக்கினார். விசிறி வீட்டின் காற்றை வெளியே இழுக்கிறது. ஈடாக வரவேண்டிய காற்றுக்கு வழியில்லை. ஆதலால், மேலே போகவேண்டிய கணப்பின் கழிவுப்புகையைப் புகைக்குழாய் வழியே அது வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவளி அது. பகலெல்லாம் கூடத்திலிருந்து அதைச் சுவாசித்தவர் சம்பந்தியம்மா ஒருவரே; தலைவலியும் மறதியும் அதனால் வந்தவை. விசிறியை ஓடவிட்டுச் சோதிப்பதே முறை என்பதையும் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். பிறகு உள்ளே சென்று காற்றுத்துளையிலிருந்து ஒரு புடைவையை உருவியெடுத்து வந்தார். "ஆர் இதை அடைச்சது?"

"நான்தான்" என்றார் சம்பந்தியம்மா. வென்றவரின் முகமாக அது இல்லை.

அக்கணப்பை அகற்றிவிட்டோம். இப்போது கூடத்தைச் சூடாக்குவது மின்கருவி; தீயுமில்லை, புகையுமில்லை. முதியோர் இல்லத்தின் பெயரை எவரும் எடுப்பதில்லை. இளவேனில் வருவதற்குள் சம்பந்தியம்மாவுக்குத் தெருப்பெயர்கள் திரும்பின. கிண்டலும் ஓரளவு திரும்பியது. வல்லுநரும் அவர் நினைவில் குறையில்லை என்றார். அவர் எங்களை ஒரு சொல்லும் கடிந்ததில்லை.

ஆயின் முதுமை எல்லோர்க்கும் பொது. மூக்குக்கண்ணாடியை நான் நாள்தோறும் தொலைக்கிறேன், வீடு சிரிக்கிறது. நேற்று அவர் தம் கண்ணாடியைத் தொலைத்தார். மேசையிலோ அலமாரியிலோ அவர் தேடவில்லை. தேடுவதற்கு முன், எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எங்க வச்சேன்னு தெரியும், தெரியும்" என்று விரைந்து சொன்னார். எவரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.