பூவில் விற்காத காப்பி

காப்பிச் செடி பூத்ததும் எங்கள் தோட்டத்துக்கு வியாபாரி வந்துவிடுவார். பூவைப் பார்த்தே மொத்தக் காய்ப்புக்கும் விலை பேசி, பணத்தை என் வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். பிறகு பழம் பறிப்பது வியாபாரியின் ஆட்கள்தான். "நம்மள நம்பி முன்னாடியே குடுக்கறாரு, நொம்ப நல்ல மனுசன்" என்பார் இவர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இவர் காலமான பிறகு, மஞ்சக்குட்டையில் எங்கள் மகளிர் குழுவுக்குப் பணத்தைப் பற்றி வகுப்பெடுக்க ஒரு பெண் வந்தார். நான் கடைசியில் உட்கார்ந்திருந்தேன்.

"பூவுல வித்த வெலைக்கும் பழத்தோட வெலைக்கும் நடுவுல எவ்வளவு போகுதுங்க? அதுதான் நீங்க கட்டுற வட்டி" என்றார்.

நாங்கள் வாங்கியது கடன் என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து, பழுக்கும்வரை செலவுக்கு ஆகட்டும் என்று, குழுவில் மாதாமாதம் கொஞ்சம் சேர்த்தேன். போன பூவுக்கு வியாபாரி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, "பழுக்கட்டுங்க" என்றேன்.

"ஏனுங்க ஆத்தா, வகுப்புக்குப் போயி நீங்களும் கெட்டுப்போயிட்டீங்களா?" என்று சிரித்தபடி போய்விட்டார்.

பழம் நல்ல விலைக்குப் போனது. வீட்டுக்கென்று கொஞ்சம் எடுத்துக் காயவைத்து, தோல் நீக்கி, வறுத்து இடித்தேன். இத்தனை காலமும் கடைத்தூள்தான் குடித்தோம். பூத்த செடியோரம் நின்று இவர், "நம்ம காப்பிய ஒரு நாளாவது குடிச்சுப் பாக்கோணும்" என்பார்.

நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கசப்பு. இவர் இருந்திருந்தால் இன்னும் சர்க்கரை கேட்டிருப்பார்.