காலியாகக் கொடுக்கக் கூடாத தூக்கு

நான் ஒரு முட்டாள். இதை இந்தப் பக்கத்தில் அவ்வப்போது எழுதி வருகிறேன். இதுவரை ஒரு வாசகர்கூட மறுத்துக் கடிதம் போட்டதில்லை.

இந்த வாரம் இன்னொரு சான்று. பல வருஷங்களுக்கு முன், பக்கத்து வீட்டுச் சிறுமி பள்ளிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தூக்கை மூன்று வாரம் என் வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். திருட்டு இல்லை, மறதி இல்லை... மரியாதை!

போன வாரம் மகள் கோதை வந்திருந்தாள். பேரனின் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவை யாரோ இரவல் வாங்கி, அப்படியே காலியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். “ரெண்டு முறுக்காவது போட்டுக் குடுக்கக் கூடாதாப்பா? ஜப்பான்காரன் காலத்துலகூட இப்படியா இருந்தாங்க?” என்று பொரிந்தாள்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட அந்தக் காலத்தில் அவளுக்கு எட்டு வயது. மறந்துவிட்டாள். எனக்கு மறக்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தானே?

அப்போது மலாக்காவில் காஜா பேராங் என்ற பகுதியில் குடியிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்கா செட்டிக் குடும்பம். கும்பிடுவது நம் சாமி, உடுத்துவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். மகள் பெயர் தேவி என்பதால் தாயாரை எல்லாரும் ‘மாக் தேவி’ என்பார்கள். நான் ‘காக்கா’ என்பேன். மலாயில் அது அக்கா. பறக்காது.

ஒருநாள் அவர் வீட்டில் முன்னோருக்குப் படையல். முந்திய வருஷங்களில் பெரிய தட்டு நிறையப் பலகாரம் வரும். அந்த வருஷம் தட்டுகளெல்லாம் ஏற்கெனவே அரிசியாக மாறிவிட்டிருந்தன. ஆகவே தேவியின் எனாமல் தூக்கில், மரவள்ளிக்கிழங்கைத் துருவித் தேங்காய்ப் பாலில் வேகவைத்து நான்கு துண்டு அனுப்பியிருந்தார். நான்கும் கண் மூடித் திறப்பதற்குள் காலி.

தூக்கை என் மனைவி கழுவித் துடைத்தாள். அப்புறம்தான் சிக்கல். வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பலாமா?

“காலியாவே குடுத்துடலாங்க. நம்ம நெலம அவங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

“நம்ம மானம் என்னாவறது?” என்றேன். ஒரு பிடி சீனி கிடைக்கட்டும், போட்டுக் கொடுப்போம் என்று தூக்கை அலமாரியில் ஏற்றினேன். சீனி... அந்தக் காலத்தில்! சீனியைச் சொப்பனத்தில் பார்த்தவன்கூட அடுத்தவனிடம் சொல்ல மாட்டான், பங்கு கேட்பான் என்று.

பள்ளியில் பாதி நாள்தான் பாடம். மீதிப் பொழுதுக்குப் பிள்ளைகள் மண் கொத்தி மரவள்ளி நட வேண்டும். அதனால் மதியத்துக்கு எதையாவது கட்டிக் கொடுத்தாக வேண்டும். ஒரு காலையில் தேவி வாழையிலைப் பொட்டலத்தோடு போவதைப் பார்த்தேன். இலை கிழிந்து, கிழங்கு எட்டிப் பார்த்தது.

சும்மா இருப்பேனா? கூப்பிட்டு நிறுத்தினேன். இலையை முதலில் நெருப்பில் வாட்ட வேண்டும், நரம்போடு சேர்த்து மடிக்க வேண்டும், வாழைநார் போட்டுக் கட்ட வேண்டும், சாப்பிட்டதும் எறியாமல் கழுவிக் காயவைத்து மறுநாளும் எடுத்துப்போக வேண்டும் என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன்.

“தெரிமா காசே, மாமா” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று மெச்சிக்கொண்டேன். என்னையும் சேர்த்துத்தான்.

சில நாள் கழித்துக் கோதை பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

“அப்பா, தேவி இன்னிக்குச் சாப்பிடல. பொட்டலத்தை வரப்புல வெச்சுட்டு மண்ணு கொத்துனோமா, கோழி வந்து இலையைக் கிழிச்சு எல்லாத்தையும் தின்னுடுச்சு. முந்தாநேத்து எறும்பு. நான் பாதி குடுத்தேன், வேணாமுன்னுட்டா.”

“மூடி போட்ட பாத்திரத்துல கொண்டுபோகக் கூடாதா? அவ அம்மாவுக்கு அறிவு வேணாம்?”

கோதை என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“அவ தூக்குதான் நம்ம வீட்டுல இருக்கேப்பா.”

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி வந்து அலமாரியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

மானம் என்னுடையது. பசி மட்டும் அடுத்த வீட்டுப் பிள்ளையுடையது. எத்தனை வசதியான ஏற்பாடு! நாம் மரியாதை என்று பொத்திப் பாதுகாக்கிற பலவற்றுக்கும் விலை கொடுப்பவர் வேறு யாரோதான் போலிருக்கிறது.

உடனே தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இப்போதாவது புத்தி வந்ததா? எங்கே! வேலியோரம் போனதும் கால் நின்றுவிட்டது. வெறும் தூக்கோடு எப்படிப் போவது? சுற்றுமுற்றும் பார்த்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் கருவேப்பிலைக் கிளை. ஒரு கொத்து ஒடித்து உள்ளே போட்டு மூடினேன். அப்பாடா!

மாக் தேவி வாசலிலேயே திறந்து பார்த்தார். கருவேப்பிலையைப் பார்த்தார். தலையைத் தூக்கி வேலியோர மரத்தைப் பார்த்தார். மரம் அவருடையது. கிளை மட்டும்தான் என் பக்கம் நீண்டிருந்தது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்தேன். அதோடு திரும்பியிருக்கலாம். பழியில் கொஞ்சத்தை அவர் தலையிலும் வைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது.

“என்ன காக்கா, மூணு வாரமா ஒரு வார்த்தை கேக்கலையே? பிள்ளை பட்டினி கெடந்திருக்கு. கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே?”

சிரிப்பு நின்றது. மலாயில்தான் சொன்னார், தமிழில் தருகிறேன்.

“கேட்டிருந்தா, கோதையோட சோத்தைத்தானே அதுல போட்டுக் குடுத்திருப்பே?”