பன்னிரண்டு என்று வந்த விடை

சங்கரன்கோவிலில் பெண்கள் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். சிவகிரியிலிருந்து தினமும் பஸ். புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையை எத்தனையோ வருடங்களாகச் செய்ய வைத்துவிட்டேன். நூலில் குண்டைக் கட்டி ஆட்டிவிட்டு ஸ்டாப் கிளாக்கை அழுத்துவார்கள். என்ன வந்தாலும் ரெக்கார்டில் 9.8தான் இருக்கும். விடை தெரிந்த பிறகு கணக்கை வளைக்கத் தெரியாதா? அதைக் கேட்கவும் எனக்கு அலுத்துப்போயிருந்தது.

போன வருடம் ஸ்டாப் கிளாக்குகளும் நின்றுபோயின. வேறு வழியில்லாமல் என் செல்போனை எடுத்துப் போனேன். மீட்டர் ஸ்கேலைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினோம். உயரமான மாணவி ஒருத்தி அதன் பக்கத்தில் பெஞ்சில் ஏறி, கையை முன்னால் நீட்டிப் பந்தைப் போட்டாள். எதிரே புத்தகங்களுக்கு நடுவில் செருகியிருந்த போன் வீடியோ எடுத்தது. அதை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, பந்து எந்தக் கோட்டுக்கு நேரே இருக்கிறது என்று குறிக்க வேண்டும். முதல் தடவை பந்து விழும்போதே வீட்டிலிருந்து அழைப்பு. கணவர்தான். “சிலிண்டர் வந்திருக்கு, ஓடிபி சொல்லு.” சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து.

கணக்குப் போட்டால் பன்னிரண்டு வந்தது. இன்னொரு தடவை எடுத்தோம். அப்போதும் பன்னிரண்டுக்குப் பக்கத்தில்தான்.

“டீச்சர், 9.8ன்னே எழுதிருதோம்,” என்றாள் முன்பெஞ்சு மாணவி.

கால் கடுத்தது. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இருங்க டீச்சர்,” என்றாள் தறிக்காரர் வீட்டுப் பெண். வகுப்பில் அதிகம் பேசாதவள். என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வீடியோல ஸ்கேல் கோட்ட வச்சுப் பாத்தா இவ கை ரொம்பப் பெரிசாத் தெரியுது. ஏட்டி, கையக் காட்டு.” பந்து போட்டவளின் உள்ளங்கை அகலத்தை உண்மையான ஸ்கேலை வைத்து அளந்தாள். படத்தில் ஸ்கேல் கோடுகள் காட்டியதைவிடக் குறைவாக இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்கேல் சுவரோரம், பந்து விழுந்ததோ போனுக்கு அருகில். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். விழுந்த தூரத்தையும் நாங்கள் கூட்டியே அளந்திருந்தோம்.

“அப்போ ஸ்கேல பந்து விழுத எடத்துக்கே கொண்டாங்க,” என்றேன்.

பந்து விழும் இடத்துக்கு நேராக ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்கள். 9.6 வந்தது.

“இன்னும் கொஞ்சம் குறையுதே டீச்சர்?”

“குறையட்டும். வந்தத எழுதுங்க.”

“பன்னெண்டையுமா?”

“அதையும் எழுதி, ஏன் வந்துச்சுன்னும் எழுதுங்க.”

மணி அடித்த பிறகும் போகாமல், பந்தின் எந்த விளிம்பைக் குறிப்பது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தலையிடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். சோறு விறைத்திருந்தது. தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, “போர்ஷன் எப்ப முடிப்பீங்க?” என்றார். முடித்துவிடுவேன் என்றேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சிவகிரி வந்ததும் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.