குறுக்கு வலி

2011ஆம் ஆண்டு ஆடி மாதம், காலை ஷிப்டு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், பாகங்கள் நிறைந்த பெட்டியைத் தூக்கிய இசக்கிசெல்விக்கு இடுப்பில் ஏதோ சடக்கென்றது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். பயிற்சியில் சேர்ந்து இரண்டாம் மாதம். தோழி பாண்டிச்செல்விதான் தாங்கிப் பிடித்து மருத்துவ அறை வாசலில் விட்டுவிட்டு லைனுக்கு ஓடினாள்.

அங்கே பதிவு செய்பவள் பக்கத்து ஊரான மணிமங்கலத்துக் கலைமணி. ஒவ்வொரு வலிக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. அதைக் கணினியில் ஏற்ற வேண்டும்.

"இன்னாம்மா ஆச்சு?"

"குறுக்கு பிடிச்சிட்டுக்கா. நிமிர முடியல."

தெற்கே குறுக்கு என்றால் இடுப்பு. மணிமங்கலத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. வயிற்றை மடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் கலைமணிக்கு வேறொன்று தோன்றியது. பக்கத்தில் ஆண்கள் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தினாள்.

"டேட்டா?"

டேட் என்பது மணிமங்கலம் பக்கத்துப் பெண்கள் மாதவிலக்கைச் சொல்லும் சொல். இசக்கிசெல்விக்கு டேட் என்றால் வலி வந்த தேதிதான்.

"ஆமாக்கா, இன்னைக்குத்தான்."

"இதுக்கு இன்னாத்துக்கு இப்டி வெக்கப்பட்றே?" என்று சிரித்தபடி கலைமணி N 94.6 என்று ஏற்றினாள். மாதவிடாய் வலி. அடுத்த கட்டம்: வேலையால் வந்ததா? இல்லை. டாக்டர் திரையில் இருந்ததற்குக் கையெழுத்திட்டார். ஒரு மாத்திரை, கொஞ்சம் வெந்நீர், மறுபடி லைன்.

அடுத்த வாரம் அவளால் பாயைவிட்டு எழ முடியவில்லை. வெளியே ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பின் தட்டு விலகியிருந்தது. வேலையில் பட்ட அடியென்றால் வைத்தியம் கம்பெனி பொறுப்பு, வேலையும் நிலைக்கும். தானாக வந்த நோயென்றால் பயிற்சி ரத்து.

"முதல் நாள் பதிவுல வேற வலி இருக்கேம்மா" என்றார் பணியாளர் பிரிவு சுப்பராயன். அந்த வலியின் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை.

அவள் இடுப்பைப் பிடித்தபடி கலைமணியிடம் போனாள். "குறுக்குன்னு சொன்னேம்லாக்கா!"

"குறுக்குன்னா இடுப்புன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்? டேட்டான்னு கேட்டேன், ஆமான்னியே?"

"தேதி கேக்கியன்னு நெனச்சேன்."

கலைமணி முகம் கறுத்தது. திருத்தப் பார்த்தாள்; கையெழுத்தான பதிவு திறக்கவில்லை. டாக்டரிடம் போனாள். "அந்தப் பொண்ணு சொன்னதைத்தானே ஏத்தினே? இப்ப மாத்தினா ஆடிட்ல நான் மாட்டணுமா?" என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆவணியில் பயிற்சி ரத்தானது. வேலையை விட்டுப் போகிறவர்களுக்கும் ஒரு பரிசோதனை உண்டு. அதே நாற்காலி, அதே கலைமணி.

"எங்கம்மா வலி? இடுப்புதானே?"

"ஆமாக்கா. குறுக்கு."

M 54.5, இடுப்பு வலி. இம்முறை எழுத்தும் எண்ணும் பிசகவில்லை. அதற்குக் கீழே, திடீர் வலியா, நாள்பட்டதா என்று திரை கேட்டது. கலைமணி தயங்கினாள். பின்னால் நின்ற டாக்டர் தேதியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாசம் தாண்டிடுச்சே. நாள்பட்டதுன்னு போடு. வேலையால வந்ததுக்குப் பதிவு இல்ல."

இசக்கிசெல்வி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். நிமிர முடியவில்லை.

"பாத்துப் போம்மா" என்றாள் கலைமணி.

அவள் பதில் சொல்லவில்லை. சொன்னால் அதையும் வேறாக எழுதிக்கொள்வார்கள்.