படியிறங்கி வரும் அப்பாக்கள்

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் ஏ-ஒன்பது ரோட்டோரம் குஷன் கடை வைத்திருக்கும் நோபர்ட் என் அப்பாவின் தம்பி. த்ரீவீலர் சீட், வேன் சீட், எப்போதாவது பஸ் சீட் தைப்பார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ரெக்சின் சுருளொன்றில் போனைச் சாய்த்து வைத்திருப்பார். அதில் எந்த நேரமும் ஒரு படம் ஓடும்.

வெளிநாடுகளில் கப்பலிலும் ஹோட்டலிலும் வேலை பார்த்து, நடுவில் ஊர் ஊராகச் சுற்றி, பல வருஷம் கழித்துத் திரும்பியிருந்தேன். சொந்த வீட்டில் கால் தரிக்கவில்லை. நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று சித்தப்பா வீட்டுக்கு வந்தவள், அவர் படம் பார்க்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே அங்கேயே தங்கிவிட்டேன்.

நடிப்பு, பாட்டு, கேமரா என்று அவர் பேசவே மாட்டார். அவர் கவலைகள் வேறு.

"நேத்து பாத்த படத்துல ஹீரோ ஒரு ஊரையே அடிச்சான். நல்லா அடிச்சான், இல்லங்கல. ஆனா படம் முடியிற வரைக்கும் ஒரு சோத்துப் பார்சல் சாப்பிட்டானா? பசிக்காதவன நான் எப்புடி நம்புறது?"

அதே வாரம் ஒரு மலையாளப் படம் பார்த்தார். அதில் கதையே இல்லை, ஒரு குடும்பம் பலாக்காய் வெட்டிக்கொண்டே இருக்கிறது என்று மார்ஜரி சித்தி எழுந்து போய்விட்டார். சித்தப்பாவுக்கோ அதுதான் இந்த வருஷத்தின் சிறந்த படம். "கத்தியில எண்ணெய் தடவிட்டு வெட்டுனான் பாத்தியா? அந்த டைரக்டர் வீட்டுல பலாக்கா சாப்பிட்டிருக்கான்."

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அவருக்கு ஒரே ஒரு வழக்கு உண்டு. காதலை எதிர்க்கும் அப்பாக்கள் ஏன் எல்லோரும் மாடிப்படியில் இறங்கி வருகிறார்கள்?

"கோவம் வந்தா ஒடனே கத்த வேண்டியதுதானே? கைப்பிடியப் புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு படியா வர்றான். கீழ வந்து சேரக்குள்ள கோவம் ஆறிப்போகும்."

"புதுப் படத்துலயும் வர்றாங்களே சித்தப்பா?"

"புதுப் படத்துல லிப்ட்டுல வர்றான். மூஞ்சி அதே மூஞ்சிதான்."

அவருக்கும் ஒரு மகள் உண்டு. ஷெனாலி மாத்தளை டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறாள். பின்னேரம் வந்ததும் குசினியில் அடுப்புப் பக்கம் நின்று யாருடனோ சிங்களத்தில் போன் பேசுவாள். யாரென்று சித்தியிடம் கேட்டேன்.

"யட்டவத்த ஊர்ப் பொடியன், பேரு நுவந்த. முந்தி அவகூட வேலை செஞ்சவன். நல்ல பிள்ளை. அய்யா, அய்யான்னுதான் கூப்பிடுவா. அண்ணன் மாதிரி."

சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். எங்கள் தமிழில் அது கிளார்க் ஐயா, மாஸ்டர் ஐயா என்று மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பாஷையிலும் பயமில்லாத சொல். சித்தி நிம்மதியாக இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சித்தப்பாவும் நானும் டீவியில் ஒரு சிங்களப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி வயல் வரப்பில் ஓடி வந்து, மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறவனை "அய்யே!" என்று கூப்பிட்டாள். நான் சிங்களத்தைப் பாதி மறந்திருந்தேன்.

"அண்ணனும் தங்கச்சியுமா?"

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணனப் பாத்து எவளாவது இப்புடி வெக்கப்படுவாளா? சிங்களத்துல லவ்வரையும் அய்யான்னுதான் சொல்லுவாங்க. அவன் இவள நங்கி, அதான் தங்கச்சின்னு சொல்லுவான். எத்தன படம் பாத்திருக்கேன்!"

அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து ஷெனாலியின் குரல் வந்தது. "ஹரி அய்யே." 'சரி' என்ற சாதாரணச் சொல்தான். ஆனால் வரப்பில் ஓடியவளின் குரலும் அதுவும் ஒன்றாக இருந்தன.

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. ஆனால் அவர் திடுக்கிடவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். மகள் நிம்மதியாகப் பேசட்டும் என்பதுபோல.

"உங்களுக்கு முந்தியே தெரியுமா?" என்றேன்.

"படத்தப் பாரு."

படத்தை எங்கே பார்ப்பது? சினிமா அப்பாக்களை எல்லாம் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிற மனுஷன், தன் முறை வரும்போது என்ன செய்வார்? அதற்குப் பிறகு எனக்கு அந்த ஒரு கேள்விதான். ஷெனாலிக்கோ அதுதான் வாழ்க்கை. நுவந்தவைப் பற்றி நான் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "டாடி சிரிச்சிக்கிட்டே இருப்பார் அக்கா. ஆனா வேற சாதி சனம், வேற மதம்னா சிரிப்பாரான்னு தெரியல. வேணாம்னு சொல்லிட்டார்னா என்னால மீறவும் ஏலாது."

இரண்டு நாள் சித்தப்பா படமே போடாமல் தைத்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"சனிக்கிழம எல்லாரும் டவுனுக்குப் படம் பாக்கப் போறோம். அந்த அய்யாவையும் வரச் சொல்லு ஷெனாலி."

"அவன் எதுக்கு?" என்றார் சித்தி.

"சீட்டு அளவு எடுக்கணும்."

மாத்தளையில் ஒரு தமிழ்ப் படம், அடியில் சிங்கள எழுத்து ஓடியது. நுவந்த கலேவெலையில் வேலை முடித்து, பஸ் ஏறி, சட்டை கசங்கி வந்து சேர்ந்தான். சித்தப்பா அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஓர் அப்பா மாடிப்படியில் இறங்கி வர ஆரம்பித்தார். ஷெனாலி என் கையை நகம் பதியப் பிடித்தாள். நான் திரையை விட்டுவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தேன். அவரும் திரையைப் பார்க்கவில்லை. சீட்டு நுனியில் உட்கார்ந்து வியர்க்கும் அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் லைட் போட்டார்கள். நுவந்த தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான்.

"மாமா, தே எக்கக் பொமுத?"

ஒரு தேத்தண்ணி குடிப்போமா என்று கேட்டான், அவ்வளவுதான். சிங்களப் பிள்ளைகள் வயதில் மூத்த எந்த ஆம்பிளையையும் மாமா என்பார்கள், பஸ் டிரைவரைக்கூட. ஆனால் எங்கள் காதில் மாமா என்றால் பெண்ணைக் கொடுத்தவர்.

"மாமாவாம்!" சித்தியின் கையிலிருந்த கடலைப் பொட்டலம் நழுவியது. ஷெனாலி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் சித்திக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். மகளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், கடைசியில் புருஷனைப் பார்த்தார். தான் என்ன பிழை செய்தோமென்று தெரியாமல் நுவந்த நின்றான்.

சித்தப்பா நிதானமாக எழுந்தார். அவன் தோளில் கை வைத்தார்.

"பொமு, புத்தே."

குடிப்போம் மகனே. சிங்களத்தில் எந்தப் பையனையும் அப்படிக் கூப்பிடலாம். அவர் எந்தப் பாஷையில் சொன்னார்? இருவரும் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போனார்கள். படம் திரும்பத் தொடங்கிய பிறகும் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சித்தி பொறுக்க மாட்டாமல் கேட்டார். "இங்க பாருங்க, புத்தேன்னு எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

"அவன் மாமான்னு சொன்ன அர்த்தத்துல."

"அவன் சும்மா சொன்னான்!"

"அப்ப நானும் சும்மாதான். சும்மா சொல்லிச் சொல்லியே பழகட்டும்."

பிறகு முன் சீட்டில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த மகளின் தலையில் விரலால் தட்டினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி சாப்பாட்டுக்கு அவன வரச் சொல்லு. பயப்படாம வரச் சொல்லு. நம்ம வீட்டுல படி இல்ல."